கடிதமும் உலர்தாளும்: லிபர்ட்டி ஹைட் பெய்லியின் வாழ்வும் தனி ஆவணங்களும்

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்கத் தோட்டக்கலை அறிஞரும் இயற்கை எழுத்தாளருமான லிபர்ட்டி ஹைட் பெய்லி (1858–1954) விட்டுச்சென்ற எழுத்துச் செல்வம் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இரு வேறு பிரிவுகளில் பேணப்படுகிறது. கடிதங்களும் கையெழுத்துப்படிகளும் நூலகத்தின் அரிய நூல் பிரிவிலும், உலர்தாவரத் தாள்கள் அவர் பெயரால் அமைந்த ஹார்ட்டோரியத்திலும் உள்ளன. முன்னவற்றை வரலாற்றாசிரியர் படிக்கின்றனர். பின்னவற்றைத் தாவரவியலார் படிக்கின்றனர். இப்பகுப்பினால் ஒரே மனிதர் இரண்டு மனிதராகிவிட்டார் என்பதும், இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட உழைப்பு, குறிப்பாக அவர் மகள் எத்தெல் ஸோயி பெய்லியின் உழைப்பு, திறனாய்வின் பார்வைக்கு வராது போயிற்று என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

திறவுச்சொற்கள்: பெய்லி, தோட்டக்கலை, இயற்கை எழுத்து, தனி ஆவணங்கள், உலர்தாவரகம், பெயரிடல், இரகம்.

முன்னுரை

ஓர் எழுத்தாளரின் ‘தனி ஆவணங்கள்’ என்றதும் நாம் எண்ணுவன கடிதம், கையெழுத்துப்படி, ஒளிப்படம், குறிப்பேடு ஆகியவை. எழுதியவர் தாவரவியலாராயின் இப்பட்டியல் போதாது. அவர் ஒரு செடியைப் பறித்து, அழுத்தி உலர்த்தி, தாளில் ஒட்டி, அதன் மூலையில் இடம், நாள், பறித்தவர் பெயர் ஆகியவற்றைக் குறித்துவைக்கிறார். அத்தாளும் எழுத்தே. கடிதத்தைக் காட்டிலும் அது உறுதியானது என்றுகூடச் சொல்லலாம். கடிதம் எழுதியவர் தம் மனநிலையைக் கூட்டியும் குறைத்தும் சொல்லக்கூடும். உலர்தாள், குறிப்பிட்ட நாளில் குறிப்பிட்ட இடத்தில் அவர் நின்றார் என்பதற்குச் செடியையே சான்றாக வைக்கிறது.

பெய்லியைப் பற்றிய முதல் விரிவான வரலாற்றை ஆண்ட்ரு டென்னி ராட்ஜர்ஸ் 1949-இல் வெளியிட்டார். அப்போது பெய்லி உயிரோடிருந்தார். அவர் மறைவுக்குப்பின் 1956-இல் பிலிப் டார்ஃப் எழுதிய நூல் வந்தது. முன்னது அமெரிக்கத் தாவர அறிவியலின் வரலாற்றையே பெய்லியின் வாழ்வினூடே சொல்ல முற்படுவது. பின்னது மனிதரை அணுக்கமாகக் காட்ட விழைவது. இவற்றுக்குப் பின் நீண்ட காலம் பெரிய முயற்சி இல்லை. அண்மைக்காலத்தில் நிலை மாறியுள்ளது. சக்கரி மைக்கேல் ஜாக் பதிப்பித்த தொகுப்பு 2008-இலும், ஜான் லின்ஸ்ட்ரம் பதிப்பித்த ‘புனித மண்’ நூற்றாண்டுப் பதிப்பு 2015-இலும், ஜான் ஸ்டெம்பியனும் லின்ஸ்ட்ரமும் சேர்ந்து தொகுத்த தோட்ட எழுத்துகள் 2019-இலும் வெளியாயின. மறந்துபோன ஓர் எழுத்தாளரை மீட்டவகையில் இப்பதிப்புகள் பாராட்டுக்குரியவை. எனினும் இவை மீட்டுத்தரும் பெய்லி பெரும்பாலும் உழவுச் சிந்தனையாளர், மண்ணின் அறம் பேசியவர். வாழ்வின் கடைசி நாற்பது ஆண்டுகளில் அவர் எந்த வேலைக்கு மிகுதியான நேரத்தைக் கொடுத்தாரோ, அந்த வகைப்பாட்டியல் வேலை இப்பதிப்புகளின் மையத்தில் இல்லை. இந்த இடைவெளியிலிருந்தே இக்கட்டுரை தொடங்குகிறது.

பழத்தோட்டமும் தாவரவியலும்

பெய்லி 1858 மார்ச் 15 அன்று மிச்சிகன் மாநிலத்தின் சவுத் ஹேவன் என்னும் ஏரிக்கரையூரில் பிறந்தார். தந்தை காட்டைத் திருத்தி ஆப்பிள் தோட்டம் வைத்தவர். தாயைக் குழந்தைப் பருவத்திலேயே இழந்தார். ஒட்டுக்கட்டுதலைத் தந்தையின் தோட்டத்தில் கற்றார். தாவரவியலை லூசி மில்லிங்டன் என்னும் உள்ளூர்த் தாவர ஆர்வலரிடம் கற்றார். டார்வினை இளமையிலேயே படித்தார். ஒட்டுக்கத்தி, செடிச் சேகரிப்பு, டார்வின் ஆகிய மூன்றும் ஒருங்கே வாய்த்தமை தற்செயல்தான். ஆயினும் அவருடைய பின்னாளைய எழுத்தனைத்தையும் இம்மூன்றின் உறவாகப் படிக்க முடியும். ஒட்டுக்கத்தி பிடித்த கைக்கு, செடி மாறக்கூடியது என்பது முன்பே தெரியும். டார்வினுக்கு வாதமாக இருந்தது, பழத்தோட்டச் சிறுவனுக்கு அன்றாட அனுபவம். 1896-இல் வெளிவந்த பரிணாமக் கட்டுரைகளிலும், 1898-இல் எழுதிய அமெரிக்க நாட்டுப் பழங்களின் பரிணாமம் பற்றிய நூலிலும் அவர் தோட்டத்தையே சான்றாகக் கொள்வது இதனால்தான்.

மிச்சிகன் வேளாண் கல்லூரியில் 1882-இல் பட்டம் பெற்றபின் ஹார்வர்டில் ஆசா கிரேயின் உதவியாளரானார். அக்காலத் தாவரவியலில் அதைவிட உயர்ந்த இடம் அமெரிக்காவில் இல்லை. 1885-இல் அவ்விடத்தை விட்டு, தாம் படித்த கல்லூரிக்கே தோட்டக்கலைப் பேராசிரியராகத் திரும்பினார். தாவரவியலார் கண்ணில் இது இறக்கம். காட்டில் தானே வளர்ந்த செடியே அறிவியலுக்கு உரியது. மனிதன் வளர்த்த செடி தோட்டக்காரனுக்கு உரியது என்னும் படிநிலை அன்று வலுவாக இருந்தது. உலர்தாவரகங்களில் முட்டைக்கோசுக்கும் பூசணிக்கும் இடம் அரிது. எல்லோரும் உண்ணும் செடியை யாரும் சேகரித்து வைக்கவில்லை. இம்முரணைப் பெய்லி தம் வாழ்நாள் வினாவாக எடுத்துக்கொண்டார் எனலாம். கிரே தோட்டச் செடிகளையும் சேர்த்து எழுதிய கையேட்டை 1895-இல் திருத்தி விரிவாக்கியவரும் பெய்லியே. ஆசிரியரின் நூலுக்குள் தோட்டத்தின் பங்கை மாணவர் அகலப்படுத்திய செயலாக அதனைக் காணலாம்.

1888-இல் கார்னெலுக்குச் சென்றது முதல் 1913-இல் வேளாண் கல்லூரி முதல்வர் பதவியிலிருந்து விலகியது வரையிலான இருபத்தைந்து ஆண்டுகள் அனைவரும் அறிந்தவை, சுருக்கமே போதும். நான்கு தொகுதித் தோட்டக்கலைக் கலைக்களஞ்சியம் (1900–1902), நான்கு தொகுதி வேளாண் கலைக்களஞ்சியம் (1907–1909), 1908-இல் குடியரசுத் தலைவர் தியடோர் ரூஸ்வெல்ட் அமைத்த நாட்டுப்புற வாழ்வு ஆணையத்தின் தலைமை, பள்ளிகளில் இயற்கைக் கல்வி இயக்கம் ஆகியவை அக்காலத்தன. வாழ்வை மூன்று இருபத்தைந்து ஆண்டுகளாகப் பகுத்துக்கொண்டவர் அவர்: முதலாவது கற்க, இரண்டாவது பணியாற்ற, மூன்றாவது விரும்பியது செய்ய. ஐம்பத்தைந்தாம் வயதில் சொன்னபடியே விலகினார். ஆனால் மூன்றாம் பகுதி இருபத்தைந்தோடு நிற்கவில்லை, நாற்பத்தோராண்டு நீண்டது. விரும்பியதைச் செய்யும் உரிமை கிடைத்தபோது பெய்லி எதைச் செய்தார் என்பதே அவரை மதிப்பிட நமக்குக் கிடைக்கும் நல்ல அளவுகோல்.

‘புனித மண்’: ஒரு மறுவாசிப்பு

அவர் முதலில் செய்தது, ஒரு சிறு நூல் எழுதியது. 1914-இன் நியூசிலாந்துப் பயணத்தையொட்டி உருவாகி 1915-இல் வெளிவந்த ‘புனித மண்’, ‘பின்புல நூல்கள்’ என்று அவர் பெயரிட்ட வரிசையின் முதல் நூல். படைப்பு இறைமையுடையதாயின் மண்ணும் இறைமையுடையது. மண்ணைக் கையாள்வோர் அதன் உடைமையாளர் அல்லர், காப்பாளர். ஆகவே உழவு ஓர் அறச்செயல் என்பது அதன் அடிப்படை. ஆல்டோ லியோபோல்டு 1949-இல் முன்வைத்த நில அறத்துக்கு முன்னோடியாக இந்நூலைக் கொள்வது இன்று வழக்கமாகிவிட்டது.

முன்னோடி என்னும் சொல் ஒருவகையில் நூலுக்கு ஊறு செய்கிறது. பின்வந்த நூலின் முழுமையடையாத வடிவமாக முன்வந்த நூலைப் படிக்கவைக்கும் சொல் அது. லியோபோல்டின் மையம் உயிர்ச்சமூகம். பெய்லியின் மையம் அச்சமூகத்துக்குள் கத்தியோடும் மண்வெட்டியோடும் நுழையும் மனிதக் கை. காடு, கடல், திறந்த வயல் ஆகியவற்றை அவர் ‘பின்புல வெளிகள்’ என்கிறார். அவற்றுக்கு முன்னால் நிற்பது எப்போதும் பயிரும் பயிரிடுபவரும்தான். இந்த மனித மையத்தைக் குறையென்று சொல்லும் இன்றைய சூழலியல் வாசிப்புகள், அவர் தோட்டக்கலையிலிருந்து வந்தவர் என்பதை மறந்துவிடுகின்றன. வளர்ப்புச் செடியைப் பொறுத்தவரை மனிதன் வெளியே நிற்கும் பார்வையாளன் அல்லன். அச்செடி உருவானதிலேயே அவனுக்குப் பங்குண்டு.

நூலின் மெய்யான குறை வேறொன்று. பெய்லியின் தந்தை தோட்டம் வைத்த மிச்சிகன் ஏரிக்கரை பொட்டவாட்டொமி மக்களின் நிலம். மண்ணைப் பங்கிட்டு ஆளும் பொறுப்பைப் பற்றி விரிவாகப் பேசும் நூலில், அம்மண் எவரிடமிருந்து எவ்வாறு வந்தது என்னும் வினா மையப்பொருளாகவே இல்லை. மண்ணைப் புனிதமாக்கும் சொல்லாட்சி அதன் உடைமை வரலாற்றை மூடிவிடக்கூடியது என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு. நாட்டுப்புற வாழ்வு ஆணையத்திலும் இத்தகைய இடைவெளி உண்டு. அதன் உறுப்பினர் எழுவரும் ஆடவர்; பண்ணைப் பெண்டிரின் சுமையைப் பற்றி அறிக்கை பேசினாலும் பேசுவோர் அவர்கள் அல்லர். முதல்வராக இருந்தபோது மார்த்தா வான் ரென்சலரும் புளோரா ரோசும் 1911-இல் பேராசிரியர் நிலை பெற்றதை நினைவிற்கொண்டால், பெய்லியைப் பெண்ணுரிமைக்கு எதிரானவர் என்று சொல்ல இயலாது. அவர் நல்லெண்ணத்துக்கு நிறுவனத்தில் ஓர் எல்லை இருந்தது என்று மட்டும் சொல்லலாம். வீட்டில் அந்த எல்லை எங்கே இருந்தது என்பதைப் பின்னர்க் காண்போம்.

நடையைப் பொறுத்தவரை ‘புனித மண்’ மேடைப்பேச்சின் சாயல் கொண்டது. சொற்றொடர்கள் நீண்டு, கருத்து ஒரே இடத்தில் சுழலும் பக்கங்கள் உண்டு. 1916-இன் கவிதைத் தொகுதியும் இதே நிலையில்தான் உள்ளது. நல்லுணர்வு மிகுதி, சொற்செறிவு குறைவு. இயற்கை எழுத்தாளர் என்ற வகையில் பெய்லியின் ஆற்றலை இந்நூல்களில் தேடுவோர் ஏமாறவே நேரும். அது வேறிடத்தில் இருக்கிறது.

பெயர் என்னும் பொருள்

1918-இல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதிய சிறு கட்டுரையில் பெய்லி இரண்டு சொற்களை எதிரெதிரே நிறுத்தினார். பிறப்பிடம் அறியப்பட்ட இயல் தாவரம் ‘இண்டிஜென்’. மனிதன் கையில் மட்டுமே அறியப்பட்டு, காட்டு மூலம் புலப்படாதது ‘கல்டிஜென்’. ஐந்தாண்டு கழித்து, 1923-இல், தாமே நடத்திய ‘ஜெண்டெஸ் ஹெர்பாரம்’ என்னும் வெளியீட்டில், பயிரிடும்போது தோன்றிப் பேணப்படும் சிற்றினக் கீழ்நிலை வகைக்குக் ‘கல்டிவார்’ என்று பெயரிட்டார். 1953-இல் முதன்முதலாக வெளியான வளர்ப்புத் தாவரப் பெயரிடல் பன்னாட்டு விதித்தொகுப்பு இச்சொல்லை ஏற்றது. இன்று உலகெங்கும் நாற்றங்கால் பெயரட்டைகளில் ஒற்றை மேற்கோட்குறிக்குள் காணும் பெயர்களுக்கெல்லாம் இதுவே இலக்கணம்.

தமிழில் இச்சொல்லுக்கு நூலாசிரியர் பலவாறு ஆக்கம் தந்திருப்பினும், உழவர் வழக்கில் ‘இரகம்’ என்னும் சொல் முன்பே உள்ளது. ‘கோ’, ‘ஆடுதுறை’ முதலிய முன்னொட்டுகளோடு வழங்கும் நெல் இரகங்கள் யாவும் பெய்லி வரையறுத்த பொருளில் கல்டிவார்களே. நாற்றங்கால்காரரும் உழவரும் அறிந்திருந்த ஒன்றுக்கு அறிவியல் பெயர் தந்தார் என்பதே பெய்லி செய்ததன் சரியான விளக்கம். கண்டுபிடிப்பு என்பதைவிட ஒப்புதல் என்பதே அதற்குப் பொருந்தும்.

இவ்விடத்தில் திணைக் கோட்பாட்டைப் பொருத்திப் பார்க்கும் விழைவு தமிழாய்வாளருக்கு எழுவது இயல்பே. இக்கட்டுரை அதனைத் தவிர்க்கிறது. திணையில் செடி தன் நிலத்தோடு பிரிக்கவொண்ணாது நிற்கிறது. அதுவே அதன் பொருள். பெய்லியின் அக்கறைக்குரிய செடி, நிலத்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு, கப்பலேறி, விலைப்பட்டியலில் ஏறி, முன்பின் அறியாத மண்ணில் நடப்பட்டது. அதற்குக் கருப்பொருள் என்னும் தகுதி இல்லை. பெயர் ஒன்றே அதன் ஊர்.

இக்கருத்து தெளிவாகப் புலப்படும் நூல் 1933-இல் வந்த ‘செடிகள் எவ்வாறு பெயர் பெறுகின்றன’ என்பது. திறனாய்வாளர் அதிகம் பேசாத இந்நூலே பெய்லியின் சிறந்த உரைநடை என்பது இக்கட்டுரையாசிரியரின் கருத்து. ‘ஜெருசலேம் செர்ரி’ என்று வழங்கும் சிறு தொட்டிச்செடியோடு நூல் தொடங்குகிறது. அது ஜெருசலேமிலிருந்து வந்ததன்று, செர்ரியும் அன்று. கத்தரிக் குடும்பத்தைச் சேர்ந்த தென்னமெரிக்கச் செடி. அறிவியற்பெயர் சொலானம் சூடோகாப்சிகம். சிறிய செம்பழம் ‘செர்ரி’ என்னும் பெயருக்குக் காரணமாயிற்று. ‘பொய்மிளகாய்’ என்று பொருள்படும் அறிவியற்பெயரின் பின்பகுதி லின்னேயசுக்கு முந்தைய மூலிகை நூல்களின் நினைவைச் சுமக்கிறது. சாளரத்தோரத்தில் நிற்கும் ஒரு செடியிலிருந்து மூலிகை நூல்களின் காலத்துக்கும், அங்கிருந்து லின்னேயசுக்கும், அங்கிருந்து இன்றைய விதிகளுக்கும் பெய்லி வாசகரை அழைத்துச் செல்கிறார். ‘புனித மண்’ணில் மேடையேறிய குரல் இங்கே தாழ்ந்து, கையிலுள்ள பொருளை நோக்கித் திரும்பியிருக்கிறது. உணர்ச்சி குறையவில்லை, அதற்கு ஒரு செடி கிடைத்துவிட்டது.

இயற்கை எழுத்தை நிலக்காட்சி வருணனையாகவும் தன்னுணர்வாகவும் மட்டும் வரையறுப்பதால்தான் இத்தகைய நூல் அவ்வகையில் சேர்க்கப்படுவதில்லை. பெயர்களின் வரலாற்றைச் சொல்லுவதும், செடிக்கும் மனிதருக்குமான உறவைச் சொல்லுவதே. 2008, 2019 தொகுப்புகளோடு இந்நூலையும் வைத்துப் படிக்கும்போதுதான், வகைப்பாட்டாளரும் எழுத்தாளரும் ஒருவரே என்பது விளங்கும்.

பெயரிடல் வேலையில் பெய்லி தவறாதவர் அல்லர். பயிரிடப்படும் பிராசிகாக்களை ஆராய்ந்து, சீனக் கீரை வகையொன்றைப் பிராசிகா பாராசைனென்சிஸ் எனத் தனிச்சிற்றினமாக்கினார். பின்னாளைய தாவரவியல் அதனைப் பிராசிகா ராப்பாவுக்குள்ளேயே அடக்குகிறது. 1941 முதல் 1945 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட வட அமெரிக்க ரூபஸ் ஆய்வில், பிளாக்பெர்ரி முட்செடிகளை எண்ணற்ற சிற்றினங்களாகப் பிரித்தார். அவற்றுள் பல இன்று ஏற்கப்படுவதில்லை. மிகையாகப் பிரித்தார் என்னும் குற்றச்சாட்டு நியாயமானதே. ஆயினும் அதன் ஊற்று எது என்று கேட்க வேண்டும். ஒட்டுக்கட்டும் தோட்டக்காரர் மரத்துக்கு மரம் வேறுபாடு காண்பவர். அவ்வேறுபாட்டைப் பேணுவதே அவர் தொழில். கலப்புற்றும் விதைக்கலப்பின்றியும் பெருகும் ரூபஸில் ஒவ்வொரு புதரும் ஒரு இரகம் போலத் தோன்றும். சவுத் ஹேவன் தோட்டத்தின் கண்ணோடு காட்டைப் பார்த்ததன் விளைவே அந்தச் சிற்றினப் பெருக்கம் என்று கொள்ளலாம். அவருடைய பலமும் பிழையும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை.

ஹார்ட்டோரியம்: ஆவணமாக ஒரு தோட்டம்

1935-இல் பெய்லி ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட உலர்தாவரத் தாள்களையும், தம் நூலகத்தையும், நிலத்தையும் கார்னெலுக்குக் கொடையாக அளித்தார். அதற்குரிய நிறுவனத்துக்கு ‘ஹார்ட்டோரியம்’ என்று புதுச்சொல் படைத்தார். தோட்டத்துக்குரிய செடிகளை அறிவியல் நோக்கில் சேகரித்து, வகைப்படுத்தி, ஆவணப்படுத்தும் இடம் என்பது பொருள். உலர்தாவரகத்தில் தோட்டச்செடிக்கு இடமில்லாத நிலையில், தோட்டச்செடிக்கென்றே ஓர் உலர்தாவரகம் அமைத்தார். 1885-இல் இறக்கம் என்று பிறர் கருதிய முடிவுக்கு ஐம்பதாண்டு கழித்து அளித்த விடை அது.

இக்கொடை ஆவணவியல் நோக்கில் ஒரு சிக்கலை உண்டாக்கியது. கடிதங்களும் கையெழுத்துப்படிகளும் ‘தனி ஆவணங்கள்’ என்னும் தலைப்பில் நூலகத்துக்குச் சென்றன. தாள்களும் அட்டைகளும் ‘அறிவியல் சேகரிப்பு’ என்னும் தலைப்பில் ஹார்ட்டோரியத்தில் தங்கின. ஆவணக்காப்பகங்கள் பொருளின் வடிவத்தைக் கொண்டு பிரிப்பது நடைமுறைத் தேவையே. யாரையும் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. ஆனால் ஆய்வாளர் அப்பகுப்பை அப்படியே ஏற்றுக்கொள்ளும்போது, வாழ்வு ஓரிடத்திலும் வேலை வேறிடத்திலுமாக நின்றுவிடுகிறது. பெய்லியைப் பொறுத்தவரை இழப்பு பெரிது. ஓய்வுக்குப் பின் அவர் வாழ்வே அவ்வேலைதான். 1938-இல் மனைவி ஆனெட் மறைந்தபின்னும் பனைகளைத் தேடி வெப்பமண்டலப் பயணங்களைத் தொடர்ந்தார். 1948-இல் தொண்ணூறாம் பிறந்தநாள் வந்தபோது அவர் கரீபியப் பகுதியில் பனை சேகரித்துக்கொண்டிருந்ததால் இத்தக்காவில் விழா தள்ளிவைக்கப்பட்டது. ஆப்பிரிக்கப் பயணத்துக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த தொண்ணூற்றோராம் வயதில், நியூயார்க்கில் சுழற்கதவு ஒன்றில் சிக்கித் தொடையெலும்பு முறிந்ததே பயணங்களை நிறுத்தியது. இந்நிகழ்ச்சிகளை வரலாற்றாசிரியர் சுவையான துணுக்குகளாகச் சொல்லிக் கடந்துவிடுகின்றனர். அப்பயணங்களின் உலர்தாள்களை நாள்வாரியாக அடுக்கினால், தன்வரலாறு எழுதாத முதியவர் ஒருவரின் தன்வரலாறு அதில் கிடைக்கும்.

எத்தெல் ஸோயி பெய்லியின் அட்டைகள்

இவ்விரு சேகரிப்புகளுக்கும் இடையில் மூன்றாவதொன்று உள்ளது. பெய்லியின் மகள் எத்தெல் ஸோயி பெய்லி (1889–1983) ஸ்மித் கல்லூரியில் 1911-இல் பட்டம் பெற்றவர். தந்தையின் பல சேகரிப்புப் பயணங்களில் உடன் சென்றவர். 1935 முதல் 1957 வரை ஹார்ட்டோரியத்தின் காப்பாளர். அவர் பொறுப்பில் வளர்ந்தவை இரண்டு: விதை வணிகரும் நாற்றங்கால்காரரும் வெளியிட்ட விலைப்பட்டியல்களின் தொகுப்பு, அப்பட்டியல்களில் வரும் செடிப்பெயர்களை அகரவரிசையில் பதிந்த அட்டை அடைவு. பட்டியல் தொகுப்பு ஓர் இலட்சத்தைத் தாண்டியது. இன்று அவர் பெயராலேயே வழங்குகிறது.

விலைப்பட்டியல் என்பது விற்பனை முடிந்ததும் எறியப்படும் தாள். எந்தச் செடி எந்த ஆண்டில் எப்பெயரில் யாரால் விற்கப்பட்டது என்பதற்கு அதைவிட நேரடியான சான்று இல்லை. கல்டிவார் என்னும் கருத்து நடைமுறையில் நிற்கவேண்டுமாயின், இப்பெயர் முன்பே வழங்கியதா, ஒரே பெயர் இரு செடிக்கு வந்துள்ளதா, ஒரே செடி இரு பெயரில் விற்கப்படுகிறதா என்று யாரேனும் பார்த்தாக வேண்டும். தந்தை 1923-இல் சொல்லைப் படைத்தார். அச்சொல் உயிரோடிருக்கத் தேவையான அன்றாட வேலையை மகள் செய்தார். எழுத்தரின் பணி என்று இதனைத் தள்ளிவிட முடியாது. எந்தப் பெயரை ஏற்பது, எதனை இணைப்பெயராக்குவது என்பது ஒவ்வோர் அட்டையிலும் எடுக்க வேண்டிய முடிவு.

பெய்லி மகளின் பங்கை மறைத்தார் என்று கூறுவது பொருந்தாது. 1930-இல் வந்த ‘ஹார்ட்டஸ்’ அகராதியும் 1941-இல் வந்த அதன் இரண்டாம் வடிவமும் இருவர் பெயரையும் தாங்கியே வெளிவந்தன. மறதி பின்னால் வந்தது. ‘ஹார்ட்டஸ்’ தோட்டக்காரரின் கையேடு என்பதால் இலக்கியத் திறனாய்வு அதனைத் தொடுவதில்லை. தொகுப்பு நூல் என்பதால் அறிவியல் வரலாறு அதற்கு இரண்டாமிடமே தருகிறது. அட்டைகளோ கடிதமும் அல்ல, உலர்தாளும் அல்ல. ஆகவே தந்தையைப் பற்றி எழுதுவோர் மகளை ‘உறுதுணையாக இருந்தவர்’ என்னும் ஒரே தொடரில் முடித்துவிடுகின்றனர். தமிழ்ப் புலமை வரலாற்றைப் பயில்வோருக்கும் அத்தொடர் பழக்கமானதே. பெரும் பதிப்புகளின் முன்னுரைகளில் ஏடு பெயர்த்தும் அகராதி தொகுத்தும் உதவியோர்க்கு நன்றி கூறப்படுகிறது. அந்நன்றிக்குப் பின்னிருந்த தீர்மானங்களை நாம் அரிதாகவே ஆராய்ந்துள்ளோம்.

இங்குச் செய்யத்தக்க பணி தெளிவானது. அட்டைகளிலுள்ள கையெழுத்துகளைப் பிரித்தறிந்து, ‘ஹார்ட்டஸ்’ பதிவுகளோடு வரிவரியாக ஒப்பிட வேண்டும். அட்டையில் இருந்த முடிவு அச்சில் மாறியிருந்தால் மாற்றியவர் யார், எக்காரணத்தால் என்று பார்க்கவேண்டும். தந்தை, மகள் கடிதங்களை அதன்பிறகே படிக்கவேண்டும். கடிதத்தை முதலில் படித்தால் அன்பு தெரியும்; அட்டையை முதலில் படித்தால் வேலைப் பங்கீடு தெரியும். அன்பைப் பற்றிய நூல்கள் நம்மிடம் உள்ளன.

பெய்லி 1954 டிசம்பர் 25 அன்று இத்தக்காவில் மறைந்தார். 1957-இல் பணி ஓய்வு பெற்றபின்னும் எத்தெல் ஹார்ட்டோரியத்துக்கு வந்து, ஊதியமின்றி அட்டை அடைவைத் தொடர்ந்தார். 1976-இல் ‘ஹார்ட்டஸ்’ மூன்றாம் வடிவம் வெளிவந்தபோது அவருக்கு வயது எண்பதைக் கடந்திருந்தது. அதன் தலைப்புப்பக்கம் முதல் தொகுப்பாளர்களாகத் தந்தை பெயரையும் மகள் பெயரையும் குறித்து, திருத்தி விரித்தோர் ஹார்ட்டோரியப் பணியாளர் என்று சொல்கிறது. அத்திருத்தத்துக்குரிய அட்டைகளை அப்போதும் எழுதிக்கொண்டிருந்தவர் எத்தெல்.